கோர்ட் நகல் வாங்கப் பழகிய ஆறு வருடம்

2018-ல் மாமனார் இறந்தபின் அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. "ஓ.எஸ்." (அசல் சிவில் வழக்கு) என்று எழுதி ஓர் எண், சாய்வுக்கோடு, வருடம். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னை விளைக்காக அவர் தன் தம்பிமாரோடு நடத்திய பாகப்பிரிவினை வழக்கின் எண் அது. "கேஸ் நமக்கு ஜெயிச்சாச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் பட்டா மட்டும் பழைய பெயரிலேயே இருந்தது.

முதலில், வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் தேடினேன். கன்னியாகுமரி மாவட்டத்தைத் தேர்ந்தால் நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று நீதிமன்ற வளாகங்கள் தனித்தனியாக வரும். தப்பான வளாகத்தில் தேடினால் வழக்கே இல்லை என்று காட்டும். பெயர் போட்டுத் தேடுவது அதைவிடச் சிரமம். நம் பெயரை ஆங்கிலத்தில் யார் எப்படி எழுதினார்களோ, அந்த எழுத்துதான் வேண்டும். நடப்பு வழக்குகளுக்கு இந்தச் செயலி அருமை. வாய்தா தேதிக்காக மட்டும் பஸ் ஏற வேண்டாம். எழுத்தும் எண்ணுமாக 16 இடம் வரும் சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, ஒருமுறை குறித்துக்கொண்டால் போதும். பழைய வழக்குக் கட்டுகளுக்கு, கோர்ட்டில் நகல் கேட்டுப் போடும் நகல் மனுதான் வழி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கச் சொன்னவர்கள் உண்டு. நீதிமன்ற ஆவணத்தின் நகலை அந்த நீதிமன்றத்தின் விதிப்படிதான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நகல் மனுவில் கேட்பது கொஞ்சம்தான்: வழக்கு எண், இரு தரப்பார் பெயர், என்ன ஆவணம், கேட்பவர் வழக்கில் யார். நாங்கள் வாரிசுகள் என்பதால் பிரமாணப் பத்திரத்தோடு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்தோம். வழக்கில் சம்பந்தமில்லாதவர் கேட்டால் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். மனு போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டில் இருந்துவிட்டேன். நகல் எடுத்துத் தர எத்தனை நகல் ஸ்டாம்ப் பேப்பர் கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். அதைப் பார்க்காததால் கெடு தாண்டி மனு தள்ளுபடி ஆனது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. மறுபடியும் முதலிலிருந்து.

"என்ன ஆவணம்" என்ற அந்த ஒரு வரியில்தான் எனக்கு ஒரு வருடம் போனது. "தீர்ப்பு நகல்" என்று எழுதினேன், தீர்ப்பு வந்தது. பட்டா மாற்றக் கொண்டுபோன இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, "இத வச்சு ஒண்ணும் நடக்காது அக்கா, டிகிரி வேணும்" என்றார்.

தீர்ப்பில் இருப்பது நீதிபதி அந்த முடிவுக்கு வந்த காரணங்கள். யாருக்கு என்ன உரிமை என்ற முடிவும், சர்வே எண்ணோடு சொத்து விவரமும் இருப்பது தீர்ப்பாணையில். கோர்ட்டில் எல்லோரும் டிகிரி என்பது அதைத்தான். பாகப்பிரிவினை வழக்கில் அந்த டிகிரியும் இரண்டு. முதல்நிலை டிகிரி "மூன்றில் ஒரு பங்கு" என்று சொல்லி நின்றுவிடும். அப்புறம் தனி மனு போட்டு, கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து, வரைபடம் தந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று வருவதுதான் இறுதி டிகிரி. அதை முத்திரைத்தாளில் எழுத வேண்டும். முத்திரைத்தாளைப் பங்குதாரர்தான் கொடுக்க வேண்டும்.

மாமனார் கொடுக்கவில்லை. 2009-ல் இறுதி உத்தரவு வந்தும், டிகிரி எழுதப்படாமலே ஒன்பது வருடம் கிடந்தது. டிகிரியை நிறைவேற்றக் கேட்க 12 வருடம்தான் அவகாசம். முத்திரைத்தாள் கொடுக்கவில்லை என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது, இறுதி உத்தரவு வந்த தேதியிலிருந்தே ஓடும் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் மிச்சம் இருந்தது. அன்று ராத்திரி நானும் வீட்டுக்காரரும் தூங்கவில்லை.

2019-ல் முத்திரைத்தாள் கட்டி, டிகிரி எழுதி வாங்கி, 2020-ல் நிறைவேற்று மனு போட்டோம். அந்த நேரத்தில் சான்றாவண நகலும் தேவைப்பட்டது. வாதி தரப்பு ஆவணங்கள் ஏ1, ஏ2 என்றும், பிரதிவாதியுடையவை பி1, பி2 என்றும் குறியிடப்பட்டிருக்கும். எந்தக் குறி என்பது தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் உண்டு. எங்கள் ஏ1 மலையாளத்தில் இருந்தது, மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு 1120. முன்பு திருவிதாங்கூரில் இருந்த ஊர்களுக்கு இது சகஜம்தான். 1120 என்பது 1944-45 என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மொழிபெயர்ப்புக்கு வேறு அலைய வேண்டியிருந்தது.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்து முத்திரையைப் பாருங்கள். மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் அதில் இருக்கும். மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகலுக்குச் செலவான நாட்களைக் கழித்துத் தருவார்கள். அந்தப் பக்கம் இல்லாத ஜெராக்ஸை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

மாமனாரின் துண்டுச்சீட்டை இப்போது இறுதி டிகிரியோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். உறையின் மேல் வழக்கு எண்ணையும் ஏ1 முதல் ஏ7 வரை என்னென்ன என்பதையும் மகன் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.