மார்கழி ராத்திரிக்கு எந்தக் கூரை: ஒற்றைத் துணி டென்ட்டா, இரட்டைத் துணி டென்ட்டா, தார்ப்பாயா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியற்காலையில் 12, 13 டிகிரி வரை இறங்கும் நாள்கள் உண்டு. தர்மபுரி வத்தல்மலை உச்சியிலும் அப்படித்தான். அந்த நேரம் பார்த்து வெட்டவெளியில் போய்ப் படுக்க ஆசைப்படுகிறவர்களைப் பார்த்தால் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு தடவை படுத்தவர் மறுபடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கொசு அடங்கியிருக்கும். சித்திரையில் டென்ட்டுக்குள் வேகிற வேக்காடு கிடையாது. ராத்திரி பன்னிரண்டரை மணி நேரம் நீளும். ஏழு மணிக்கே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தாலும் பேச நேரம் மிச்சம் இருக்கும். மழைமேகம் விலகிய நாளில் வானம் கழுவி வைத்ததுபோல் தெரியும். டிசம்பர் நடுவில் பத்தரை வாக்கில் கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேலே நிற்கும், திருவாதிரை அதன் பின்னாலேயே செக்கச்செவேலென்று ஏறி வரும். 13, 14 தேதிகளில் ஜெமினிட்ஸ் எரிகற்கள் வேறு.

இவ்வளவு சுகத்தையும் கெடுப்பது குளிர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. காரியத்தைக் கெடுப்பது ஈரம். அதனால் எந்தக் கூரை என்ற கேள்விக்கு இந்த அலசலில் விலையையும் எடையையும் ஓரமாக வைத்துவிட்டு ஈரத்தைத்தான் அதிகம் பேசப்போகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வாங்கி வைத்திருப்பது இரட்டைத் துணி டென்ட்.

இடத்தைப் பற்றி நாலு வரி. காவிரி வடக்கு சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டவை. அங்கேயும் சரி, காப்புக்காட்டிலும் சரி, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. ஆகவே பேச்சு முழுக்க பட்டா நிலம், தோப்பு, எஸ்டேட் பற்றியது. கேழ்வரகு அறுவடை சமயத்தில் பெங்களூரை ஒட்டிய பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, நொகனூர், சானமாவு வரை இறங்கும். காட்டோரக் கொல்லையில் டென்ட் போடுவது வீரம் ஆகாது. வீட்டை ஒட்டிய களம், வேலி போட்ட தோப்பு போதும். யானைக்கு எந்தத் துணியும் ஒரு சுவர் அல்ல.

தார்ப்பாய் மலிவு. புளி உலர்த்தவும் கேழ்வரகுப் போர் மூடவும் வீட்டிலேயே கிடக்கும். 12க்கு 9 அடித் தார்ப்பாயை, இரண்டு மரத்துக்கு நடுவே மார்பளவு உயரத்தில் கட்டிய கயிற்றின் மேல் போட்டு, வாடை வரும் வடகிழக்குப் பக்கத்தைத் தரையோடு இறக்கி முளையடித்தால் கூரை தயார். இரண்டு முனையும் திறந்திருப்பதால் மூச்சுக்காற்று வெளியே போய்விடும், உள்ளே நீர் கோப்பது மிகக் குறைவு. ஆனால் தரையில் தேள், பூரான் வந்தால் தடுக்க எதுவும் இல்லை. காற்று திசை மாறினால் நடுராத்திரியில் எழுந்து கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டும். கொசுவலை கட்டிக்கொள்ளத் தெரிந்த இரண்டு பேருக்கு ஒரு ராத்திரிக்கு இது தாராளம். குழந்தைகளோடு என்றால் வேண்டாம்.

ஒற்றைத் துணி டென்ட்தான் ஆன்லைனில் அதிகம் விற்பது. ஒரே அடுக்கு பாலியெஸ்டர், இரண்டு ஃபைபர் கம்பி, ஐந்து நிமிட வேலை. வெயில் காலத்துக்கு இது போதும் என்று சொல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. மார்கழியில்தான் இதன் குட்டு வெளிப்படும். தூங்குகிற ஓர் ஆள் மூச்சாலும் வேர்வையாலும் ஒரு ராத்திரியில் கால் லிட்டருக்கு மேலேயே தண்ணீரை வெளியே விடுகிறார். மூன்று பேர் படுத்தால் முக்கால் லிட்டர். தெளிந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மெல்லிய துணி தன் சூட்டை வானத்துக்கே விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அந்த முக்கால் லிட்டரும் போய் ஒட்டுவது அதில்தான். நாலரை மணிக்கு டார்ச்சை மேலே அடித்தால் கூரை முழுக்க கடுகு கடுகாக முத்து நிற்கும். விரலால் ஒன்றைத் தொட்டால் பக்கத்து முத்துகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே கோடாக இறங்கும். வெளியே யாராவது கயிற்றில் இடறினாலே போதும், அத்தனையும் ஸ்லீப்பிங் பேக் மேல் கொட்டும். நனைந்த பேக் அமுங்கிப்போய்ச் சூட்டைப் பிடிக்காது. ‘டென்ட் ஒழுகுது’ என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப் பேருடையது ஒழுகலே இல்லை, அவர்கள் மூச்சுதான். குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் இறுக்க மூடுவது இதை இரட்டிப்பாக்கும்.

இரட்டைத் துணியிலும் நீர் கோக்கும். கோக்கும் இடம்தான் வேறு. உள்ளே வலைக்கூடு, அதற்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு மேல்துணி. கடைக்காரர்கள் ஃப்ளை என்பார்கள். ஆவி வலை வழியே ஏறி மேல்துணியில் முத்தாகி, சரிவில் வழிந்து வெளியே மண்ணில் இறங்கும். உங்கள் மேல் விழாது. இந்த வித்தை முழுக்க அந்த நாலு விரல் இடைவெளியில் இருக்கிறது. அது போனால் நீங்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கியதும் ஒற்றைத் துணிதான்.

இடைவெளி போவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. நைலான் மேல்துணி பனியில் நனைந்தால் தளர்ந்து தொங்கும். படுக்கப் போகும்முன் பத்து மணிக்கு ஒரு சுற்று கயிறுகளை இழுத்து முறுக்க வேண்டும். பாலியெஸ்டர் இவ்வளவு தளராது, வாங்கும்போதே அதைக் கேளுங்கள். இரண்டாவது, கூடவே வரும் முளைகள். நம் பக்கம் ஒரு சாண் தோண்டினால் கல். அந்த மெல்லிய கம்பி முளை வளைந்துவிடும், பக்கவாட்டுக் கயிறு கட்டாமலே விட்டுவிடுவார்கள். வெல்டிங் பட்டறையில் 8 மில்லிமீட்டர் கம்பியை முக்கால் அடிக்கு வெட்டி, தலையை வளைத்து எட்டு முளை செய்துகொள்ளுங்கள். டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். மூன்றாவது, உள்ளே பையைச் சுவரோடு முட்டி வைப்பது. மூன்று பேர் டென்ட்டில் இரண்டு பேர் படுத்தால் இந்தத் தொல்லை வராது. மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தைத் திறந்தே வையுங்கள், குளிர்ந்தாலும்.

போடும் இடமும் பாதி வேலையைச் செய்யும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஏரிக்கரையோரம் படத்துக்கு அழகு, அங்கேதான் பனிமூட்டமும் ஈரமும் அதிகம். கொஞ்சம் ஏறி மேட்டுக்கொல்லையில் போடுங்கள். மரத்தடியில் பனி குறைவாக இறங்கும், மாந்தோப்பு நல்ல இடம். ஆனால் தை பிறந்து பூவெடுக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். எப்போது அடித்தது என்று தோப்புக்காரரிடம் கேட்காமல் போடாதீர்கள். மருந்தடிக்காத மரத்தில் அந்தப் பூச்சியின் பிசின் டென்ட் மேல் சொட்டி ஒட்டும்.

எந்தக் கூரை ஆனாலும் கீழே காற்றடைத்த மெத்தை வேண்டாம். தரைக்குளிர் அதற்குள் சுழன்று முதுகுக்கு வரும். 10 மில்லிமீட்டர் ஃபோம் பாய், அதன் அடியில் காய்ந்த கேழ்வரகுத் தாள் ஒரு சாண் கனத்துக்கு. மாடு படுத்த தாள் என்றால் உண்ணி இருக்கும், போரிலிருந்து புதிதாக உருவுங்கள். ஸ்லீப்பிங் பேக் மேல் ஒரு ஆட்டுரோமக் கம்பளி போர்த்தினால் 12 டிகிரி ஒன்றும் செய்யாது. கனல் சட்டியை மட்டும் எந்த டென்ட்டுக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

இரட்டைத் துணியின் குறை பராமரிப்பு. தார்ப்பாயை உதறி மடித்தால் வேலை முடிந்தது. டென்ட்டை ஈரத்தோடு சுருட்டி இரண்டு நாள் விட்டால் பூஞ்சைப் புள்ளி விழும், அது போகாது. அடிக்கடி அப்படி விட்டால் தண்ணீர் புகாமல் தடுக்கும் உள்பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாந்தி வாடை அடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். மார்கழியில் எட்டரை, ஒன்பதுக்கு முன் பனி காயாது. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், ஒரு பருத்தித் துண்டால் மேல்துணியின் உள்பக்கத்தை உச்சியிலிருந்து கீழாகத் துடைத்துப் பிழியுங்கள். முக்கால்வாசி ஈரம் துண்டில் வந்துவிடும். பிறகு டென்ட்டைக் கவிழ்த்து அடித்தரையைக் காயவிடுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். மேல்துணியைத் தனிப்பையில் கட்டி, வீடு போனதும் அன்றைக்கே கொடியில் விரியுங்கள், நிழலில். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு உரியும்.

கான்வாஸ் டென்ட், மரத்தில் கட்டும் தொட்டில் இரண்டையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. பனிக்காலத்தில் ஏழெட்டு ராத்திரியாவது பழகாத பொருளுக்குத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. ஃபைபர் கம்பி பற்றி மட்டும் ஒன்று: நார் பிரிந்து விரலில் ஏறும், பிறகு நடுவில் பிளக்கும். அதன் மேல் நுழையும் அளவுக்கு அரையடி அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றும் கொஞ்சம் இன்சுலேஷன் டேப்பும் பையில் கிடக்கட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு அஞ்செட்டியில் கம்பி விற்கும் கடை கிடையாது.