சிறு மோட்டார் படகுக்கு ஒரே வெள்ளை விளக்கா, முன்னும் பின்னுமாக இரண்டா?

அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை படகில் விளக்கு எரிய வேண்டும். பனிமூட்டமாக இருந்தால் பகலிலும்தான். 12 மீட்டருக்குக் குறைந்த மோட்டார் படகுக்கு அங்குள்ள உள்நாட்டு நீர்வழி விதிகள் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்ற பக்க விளக்குகள் இரண்டுக்கும் பொது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வெள்ளை விளக்கில்தான் வருகிறது.

முதல் வழியில் முன்னோக்கி 225 பாகைக்கு ஒளி வீசும் மாஸ்ட்ஹெட் விளக்கும், பின்னோக்கி 135 பாகைக்கு வீசும் ஸ்டெர்ன் விளக்கும் இருக்கும். இரண்டாவது வழியில் 360 பாகைக்கும் ஒரே விளக்கு. எதிரே வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் உங்கள் படகின் அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூரையில்லாத சின்னப் படகுக்கு ஒற்றை விளக்கையே சொல்வேன். ஒரு கம்பம், ஒரு ஒயர், வேலை முடிந்தது. நங்கூரமிட்டு நிற்கும்போது சிவப்பு, பச்சையை அணைத்துவிட்டு இதை மட்டும் எரியவிட்டால் அதுவே நங்கூர விளக்கு. ஆனால் கம்பத்தின் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது விதி. அதோடு நிறுத்தினால், எழுந்து நிற்கும் ஒருவரின் தலையே விளக்கை மறைத்துவிடும்; ஓட்டுகிறவருக்கு முன்னால் உள்ள காற்றுத்தடுப்புக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முன்னே இருட்டில் எதுவும் தெரியாது. எல்லோர் தலைக்கும் மேலே போகும் கம்பமாக வாங்குங்கள். கழற்றி மாட்டும் ரகம் என்றால் அடியில் உள்ள பித்தளை முனைகளில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பல்பு நன்றாக இருந்தும் விளக்கு எரியாததற்குப் பெரும்பாலும் அந்தப் பச்சைக் களிம்புதான் காரணம்.

துணிக்கூரையோ கேபினோ உள்ள படகு என்றால் என் ஓட்டு இரட்டை விளக்குக்கு. கூரைக்குப் பின்னால் நிற்கும் கம்பம் எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் முன்னாலிருந்து பார்ப்பவருக்கு மறைந்துபோகலாம். ஆளுக்கு 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் இரண்டு படகுகள் நேரெதிரே வந்தால் ஒரு கடல்மைல் தூரம் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்த அளவுப் படகின் பக்க விளக்கு தெரிய வேண்டும் என்று விதி கேட்கும் தூரமே அந்த ஒரு கடல்மைல்தான். வெள்ளைக்கு இரண்டு. அந்தக் கூடுதல் மைலை மறைப்பில் தொலைத்துவிடாதீர்கள்.

சர்வதேச விதிகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்து, 7 நாட் வேகத்துக்கு மேல் போகமுடியாத மோட்டார் படகு, பக்க விளக்கு வைக்க வசதியில்லை என்றால் வெள்ளை விளக்கு மட்டும் போதும் என்ற சலுகை கடலில் உண்டு. அமெரிக்க உள்நாட்டு விதியில் அது கிடையாது.

20 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகுக்கு சிவப்பு, பச்சை, பின்பக்க வெள்ளை மூன்றையும் ஒரே கூட்டில் காட்டும் மூவண்ண விளக்கைப் பாய்மர உச்சியில் வைக்கலாம். திறந்த கடலுக்கு அது அருமையானது. ஏரியிலோ, பக்கத்தில் வரும் சின்னப் படகுக்காரர் அவ்வளவு உயரத்துக்கு அண்ணாந்து பார்ப்பதில்லை. தாழ்வாக உள்ள விளக்குகளே இங்கே பாதுகாப்பு. தவிர, எஞ்சினை ஓட்டிய கணமே அது மோட்டார் படகாகிவிடும். மூவண்ணத்தை அணைத்தாக வேண்டும்.

பல்பா எல்.இ.டி.யா என்றால் எல்.இ.டி.தான், பேட்டரி மிச்சமாகும். ஆனால் பழைய கூட்டில் எல்.இ.டி. பல்பை மட்டும் மாற்றிப் போடாதீர்கள், நிறமும் கோணமும் மாறிவிடும். சில எல்.இ.டி.கள் படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவைக் கெடுப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018-இல் எச்சரித்தது. சோதிப்பது சுலபம். விளக்கை அணைத்து, ஆளில்லாத சானலில், இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் அடங்கும் வரை மட்டும் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.