எண்பதைத் தாண்டிய இரண்டு மூளைகள்

15 சொற்களைச் சிலமுறை வாசித்துக் காட்டுவார்கள். அரை மணி நேரம் கழித்து, நினைவிருப்பதைச் சொல்லச் சொல்வார்கள். 80 வயதைத் தாண்டியவர்கள் சராசரியாக 5 சொற்கள் சொல்வார்கள். சிலர் மட்டும் 9, அதற்கு மேலும் அடுக்குவார்கள். அது ஐம்பது அறுபது வயதுக்காரரின் கணக்கு. இவர்களுக்கு ‘சூப்பர் ஏஜர்’ என்று அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பேர் வைத்திருக்கிறது. பேர் கொஞ்சம் சினிமாத்தனம்தான்.

ஸ்கேனில் என்ன வித்தியாசம்? மூளையின் மேலுறையான புறணி வயதானால் சுருங்கும், யாருக்கும் விலக்கில்லை. வேகம்தான் வேறு. 2017-இல் வெளியான ஆய்வில், சாதாரண முதியவர்கள் ஆண்டுக்கு 2.24% இழந்தார்கள், இவர்கள் 1.06%. பாதிகூட இல்லை! கவனத்தோடும் உந்துதலோடும் தொடர்புள்ள முன்சிங்குலேட் பகுதியோ, இவர்களைவிட இளையவர்களுக்கு இருப்பதைவிடவும் தடிமனாக இருந்தது. இறந்தபின் மூளையை ஆராய்ந்ததில், அங்கே நூற்புக்கதிர் போல நீண்ட ‘வான் எகோனோமோ’ நரம்பணுக்களும் அதிகம். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கத்திலும் அல்சைமர் என்ற மறதி நோயில் சேரும் ‘டௌ’ புரத முடிச்சுகள் குறைவு.

ஆனால் எனக்கு வியப்பு வேறு இடத்தில். நல்ல நினைவாற்றலோடு இறந்த சிலரின் மூளையிலும் அல்சைமர் படிவுகள் கிடந்தன. படிவு இருந்தும் ஏன் மறக்கவில்லை என்பதுதான் இன்னும் அவிழாத முடிச்சு.