இரண்டு வருட ஐடிஐயா, மூன்று மாதப் பயிற்சியா?

பத்தாவதோடு படிப்பு நின்ற ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரசு திறந்து வைத்திருக்கும் வழிகளில் முக்கியமானவை மூன்று. ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம், 2015இல் வந்த பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவின் குறுகிய காலப் பயிற்சி, கிராமத்து இளைஞர்களுக்கான தீன் தயாள் உபாத்யாயா திட்டம். இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க முடிந்த வீடு என்றால், என்னைக் கேட்டால் ஐடிஐதான்.

ஐடிஐயில் எந்திர பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் ஃபிட்டர் பிரிவில் ஆரம்ப வாரங்களில் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். ராவிய பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடுக்கில் ஒரு கீற்று தெரியும். மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை காய்த்து, அந்தக் கீற்று மறையும்போதுதான் கை பழகத் தொடங்கும். குறுகிய காலப் பயிற்சியின் 200, 300 மணி நேரத்தில் இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? அப்புறம், ஐடிஐயின் தேசியத் தொழிற்சான்றிதழைக் காட்டி ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர்) வேலைக்குக்கூட விண்ணப்பிக்கலாம்.

ஐடிஐயிலும் குறை உண்டு. பழைய எந்திரங்கள் பெரிய குறை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புதுப்பித்தது நல்ல காரியம்.

கௌஷல் விகாஸில் என்னை உறுத்துவது பணம் போகும் வழி. அதன் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி மையத்துக்கு 30 சதவீதத் தொகை வகுப்பு தொடங்கியதும், 50 சதவீதம் பிள்ளைகள் தேறியதும் கிடைத்துவிடும். வேலைக்கென்று நிறுத்திவைத்தது மீதி 20 மட்டும். மையத்தின் கவனம் எதில் இருக்கும்? நான்காம் கட்டத்தில், பணத்தை வேலையோடு கட்டியிருந்த அந்த முடிச்சையும் அவிழ்த்துவிட்டார்கள். தையல் மெஷின் ஓட்டுவது போன்ற வேலைகளுக்கு இந்தப் பயிற்சி போதும், சரி. எல்லாத் தொழிலுக்கும் போதாது.

இந்த விஷயத்தில் தீன் தயாள் திட்டம் மேல். குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித் தர வேண்டும். மூன்று மாதம் நிலைத்தால்தான் அது கணக்கு. வெளிமாநில வேலை என்றால் ஆறு மாதத்துக்கு மாதம் 1,000 ரூபாய் உதவி. ஆனால் அறை வாடகை, சாப்பாடு, போன் ரீசார்ஜ் போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? திருவிழாவுக்கு ஊர் வந்த பையன் திரும்பிப் போவதில்லை. அவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். கணக்குப் பார்த்துத்தான் வந்திருக்கிறான்.

எதில் சேர்ப்பதாக இருந்தாலும், போன வருஷம் அங்கே படித்த இரண்டு பேரைப் பார்த்து, இப்போது எங்கே வேலை, கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.