பழைய கான்கிரீட் பாதை மேல் பேவர் பிளாக்: மணலா, கலவையா, உடைத்துப் போடுவதா?

வீட்டோரத் தோட்டப் பாதை 30 அடி நீளம், 4 அடி அகலம், 4 அங்குலக் கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். கல் வாங்கும் முன் பாதையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது.

மணல் படுக்கை. கான்கிரீட் திடமாக இருந்து, வாட்டமும் (சரிவும்) சுவரை விட்டு வெளியே போனால் இதுவே நல்ல வழி. 60 மி.மீ. கல்லும் 30 மி.மீ. மணலும் சேர்ந்து மட்டம் மூன்றரை அங்குலம் ஏறும். கேட் தட்டுமா, சேம்பர் மூடியை உயர்த்த வேண்டுமா என்று முன்பே அளந்துவிடுங்கள். முடிந்த பாதை, சுவரின் டி.பி.சி. (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) மட்டத்துக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும்.

இந்த முறை கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். இடுக்கில் இறங்கும் மழைநீரைக் கான்கிரீட் உள்ளே விடாது. மணல் ஊறிக் கிடக்கும். மிதிக்க மிதிக்க நுண்மணல் மேலே கசிந்து, கல் ஆடத் தொடங்கும். அதனால் தாழ்ந்த ஓரத்தில் நாலைந்து அடிக்கு ஒன்றாகக் கான்கிரீட்டில் 2 அங்குலத் துளை போட்டு, பேபி ஜல்லி (பொடி ஜல்லி) நிரப்பி, மேலே ஜியோ துணி (மணலைத் தடுத்து நீரை மட்டும் விடும் துணி) விரியுங்கள். ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதிக்கும்போதும் தாழ்ந்த பக்கம் நீர் வெளியேற இடைவெளி வேண்டும். முழுக்க அடைத்தால் பாதை தொட்டியாகிவிடும். பள்ளங்களை மணலால் நிரவாதீர்கள். மணல் தடிமன் கூடிய இடம் பின்னால் இறங்கும். முதலிலேயே கலவை பூசிச் சமன் செய்யுங்கள். கிரஷர் தூள், பூச்சு மணல் இரண்டும் நீரைப் பிடித்து வைக்கும். கழுவிய கரடு எம்-சாண்ட் சுமார் 14 கன அடி வாங்குங்கள். 200×100 மி.மீ. கல் வெட்டுக் கழிவோடு 590 ஆகும்.

சிமெண்ட் கலவை. 60 மி.மீ. கல்லைக் கலவையில் பதிப்பது வீண்செலவு. உயரம் அநேகமாக அதேதான், ஒரு கல்லை மாற்றவும் உடைக்க வேண்டும், அடியிலுள்ள விரிசல் மேலேயும் வரும். மட்டம் 2 அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாதென்றால் 25 மி.மீ. பார்க்கிங் டைல்ஸ் போடுங்கள். அதற்குக் கலவைதான் சரி. பாசியைச் சுரண்டி, கொத்திவிட்டு, நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றி, அது காயும் முன் 1:4 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல்) போடுங்கள். பழைய கான்கிரீட்டின் இணைப்புகளை டைல்ஸிலும் அதே கோட்டில் விடாவிட்டால் வெயிலில் டைல்ஸ் எழும்பும்.

உடைத்துப் போடுவது. கான்கிரீட் பலகை ஆடினாலோ, வேர் தூக்கியிருந்தாலோ, வாட்டம் சுவர்ப்பக்கம் இருந்தாலோ இதுதான் வழி. உடைத்த கான்கிரீட் 60 கன அடி வரை குவியும். பழைய மட்டமே வேண்டுமென்றால் இன்னும் மூன்றரை அங்குலம் தோண்டி, 4 அங்குலம் ஜல்லிப் படுகையை இறுக்கி, அதன்மேல் மணலும் கல்லும். பிரேக்கர் வைக்கும் முன் அடியில் போகும் தண்ணீர்க் குழாய், மோட்டார் ஒயர் தடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.