பழைய புல்லட் 350-க்கு எந்த கார்புரேட்டர்?

காஸ்ட் அயர்ன் புல்லட்டின் இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டனும் மாட்டியாயிற்று. அதில் பழைய, தேய்ந்த கார்புரேட்டரையே திரும்ப மாட்டினால் ஸ்லைடு (ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலேறிக் காற்று வழியைத் திறக்கும் உருளை) ஓரமாகக் காற்று புகுந்து ஐடிலிங் நிற்காது. மாற்றித்தான் ஆக வேண்டும். எதை?

பலருக்கும் முதல் ஆசை புல்லட் 500-இல் வந்த மிக்கார்ப் வி.எம்.28 கார்புரேட்டர். பெரிசு போட்டால் பிக்கப் வரும் என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: 350-க்கு வழக்கமான வி.எம்.24-இன் 24 மி.மீ. துளையைவிட 28 மி.மீ. துளையின் பரப்பு 36 சதவீதம் அதிகம். இழுக்கப்போவதோ அதே 346 சி.சி. இன்ஜின், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், நிதானமாகச் சுற்றும் ரகம். துளை பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்றின் இழுப்பு தளரும், பெட்ரோல் சரியாகப் பொடியாகாது. டாப் கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலேட்டரைத் திருகினால், ஒரு கணம் மூச்சடைத்துவிட்டுத்தான் கிளம்பும். கேம், வால்வு, கம்ப்ரஷன் எதையும் தொடாத இன்ஜினுக்கு இது வீண் செலவு.

அமால் கான்சென்ட்ரிக் 626 வேறு கதை. 26 மி.மீ., பார்க்க அத்தனை லட்சணம். டிக்ளரை (கிளப்பும் முன் பெட்ரோலை வழியவிடும் பொத்தான்) அமுக்கி, விரலில் பெட்ரோல் வழிய, கிக்கரை மிதிக்கிற சுகத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் பழைய ரகத்தில் பாடி, ஸ்லைடு இரண்டும் துத்தநாகக் கலவை, ஒன்றையொன்று தின்றுவிடும். இன்ஜினோடு பிணைக்கும் ஃபிளாஞ்ச் நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் பாடி வளைந்து ஸ்லைடு சிக்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் பர்லன் நிறுவனம் இப்போது செய்யும் பிரீமியர் ரகத்தில் அனோடைஸ் செய்த அலுமினிய ஸ்லைடும், கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய பைலட் ஜெட்டும் (ஐடிலிங்குக்குப் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளை) இருக்கின்றன. அமால்தான் வேண்டும் என்றால் அதை வாங்குங்கள். ஒரு ஜெட் மாற்றவும் பார்சலுக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஜப்பானின் கெய்ஹின் பி.டபிள்யூ.கே. கார்புரேட்டர் போலவே செய்த மலிவு காப்பிகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஜெட்டில் பொறித்த எண்ணை நம்பி ட்யூனிங் செய்ய முடியாது.

என் ஓட்டு சாதாரண மிக்கார்ப் வி.எம்.24-க்குத்தான். ஜப்பானின் மிகுனி தொழில்நுட்பத்தில் சென்னை யூகால் நிறுவனம் தயாரித்தது. திறந்து பார்க்காத மெக்கானிக்கே இங்கே கிடையாது. ஒரே தொல்லை டூப்ளிகேட். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, புதுப்பேட்டையில் வாங்கினாலும் சரி, கடையிலேயே மேல்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஸ்லைடை மட்டும் உள்ளே விடுங்கள். எங்கும் சிக்காமல் 'டக்'கென்று அடியில் உட்கார வேண்டும். விரலால் ஆட்டினால் கடகடக்கக் கூடாது.

இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது. ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி மேலேறி, நடு த்ராட்டிலில் பெட்ரோல் கூடும். ஐடிலிங்குக்கு ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகுங்கள். அப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள்: வெளுத்திருந்தால் இன்னும் லீன்.