எண்ணூர் முகத்துவாரமும் அட்சர்க் மென்பொருளும்: ஆறு ஆண்டு அனுபவம்

புயல் நேரத்தில் கடல் மட்டம் எவ்வளவு உயரும் என்று கணக்கிடும் அட்சர்க் மென்பொருளைத் திருவொற்றியூர் வீட்டிலிருந்தே ஆறு ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் முன்னெச்சரிக்கைக்குப் பயன்படுத்துவதும் இதைத்தான். கடலையும் கரையையும் முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முனையிலும் நீர்மட்டத்தைக் கணக்கிடும். ஆழ்கடலில் ஒரு முக்கோணம் பல கிலோமீட்டர் நீளும். எண்ணூர் முகத்துவாரத்தில் 40 மீட்டருக்குச் சுருக்கியிருக்கிறேன். இந்த வசதிக்காகவே இதை விட மனம் வரவில்லை.

திறந்த கடலுக்கு இதை நம்பலாம். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் 1 சென்டிமீட்டர் எழும். மீதி காற்றின் வேலை. நம் கரையில் புயல் மேற்கு நோக்கி ஏறும்போது, வடபக்கத்தில் காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளும், தென்பக்கத்தில் கடலுக்கு இழுக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது காசிமேடும் எண்ணூரும் வடபக்கத்தில் இருந்தன. அந்தப் புயல் வந்த தடத்தை 100 கிலோமீட்டர் வடக்கே நகர்த்தி ஓட்டிப் பார்த்தேன். கரை கடக்கும் நேரத்தில் எண்ணூரில் நீர்மட்டம் தாழ்ந்தது. ஒரே தடத்தை ஓட்டிவிட்டு முடிவு சொல்வதை அன்றோடு நிறுத்தினேன்.

துறைமுகத்தின் ஆழமான கால்வாயருகே 2 வினாடிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் கணக்கிடச் சொன்னபோது கணக்கு நிலைகுலைந்து நின்றுவிட்டது; 1 வினாடிக்குக் குறைத்தபின் சரியாயிற்று. நான் ஓட்டும் முறையில் மழை சேராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையை மூழ்கடித்த மழைவெள்ளத்தைப் பற்றி இது எனக்கு எதுவும் சொல்லவில்லை.

பெரும்பாடு முகத்துவாரத்தில்தான். உலகக் கடல்களுக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் ஜெப்கோ ஆழத் தரவில் ஒரு கட்டம் சுமார் 450 மீட்டர். முகத்துவாரமே அதற்குள் காணாமல் போனது; கொசஸ்தலையாற்றுக்குள் ஒரு சொட்டுக் கடல்நீரும் ஏறவில்லை. கடல் வரைபடத்தின் ஆழங்களை எடுத்து நிரப்பினேன். வரைபடம் கடல் நன்றாக வற்றிய மட்டத்திலிருந்து அளக்கிறது. அட்சர்க் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கேட்கிறது. சென்னையில் இரண்டுக்கும் அரை மீட்டருக்கு மேல் வேறுபாடு. அதைக் கண்டுபிடித்த அன்று இரண்டு மாதக் கணக்கை அழித்தேன்.

பிறகு ஈயக்குண்டு கட்டிய கயிற்றோடு ஃபைபர் படகில் போனேன். படகோட்டிய பெரியவர் குண்டு தரை தொடுவதற்கு முன்பே ஆழத்தைச் சொன்னார். கயிறும் அதையே சொன்னது. "ஆடியில் இங்கே மணல் மேடிட்டிருக்கும். ஆற்றில் வெள்ளம் வந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். ஆடி அளவை வைத்துக் கார்த்திகைப் புயலுக்குக் கணக்குப் போடாதே, தம்பி" என்றார். வெள்ளம் வடிந்தபின் மீண்டும் அளந்தேன். முன்பு இடுப்பளவு நீர் இருந்த இடத்தில் ஆள் மூழ்கும் ஆழம். புதிய ஆழத்தில் ஓட்டியபோது, காட்டுக்குப்பம் பக்கம் கடல்நீர் முன்னைவிட விரைவாக ஏறியது.

இப்போது ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை, பெருமழைக்குப் பின் ஒருமுறை அளக்கிறேன். முக்கோணங்களும் ஆழங்களும் இருக்கும் அட்சர்க்கின் ஃபோர்ட் 14 கோப்பில் முகத்துவாரத்து முனைகளை மட்டும் திருத்தினால் போதும். ஒரு காலைப்பொழுது வேலை, படகுக்கூலி தனி.